ஹைப்பேஷியாவுக்கு வந்த கடுதாசி

வணக்கம் நேயர்களே. 28 வருஷம் கணக்கு டீச்சரா இருந்தவ நான், அதனால இன்னைக்கு ஒரு கணக்கு டீச்சரைப் பத்தியே பேசலாம்னு வந்திருக்கேன். பேரு ஹைப்பேஷியா. ஊரு எகிப்துல அலெக்சாண்ட்ரியா, 1600 வருஷத்துக்கு முன்னாடி, அப்ப அங்க ரோம ஆட்சி. அப்பா தியோன், அவரும் கணக்குலயும் வானியல்லயும் பெரிய ஆளு.

இவங்களை நம்மள்ல பல பேருக்குத் தெரிய வச்சது 2009ல வந்த 'அகோரா' படம்தான். அலெஹான்த்ரோ அமெனாபார் டைரக்ட் பண்ணினது, ஹைப்பேஷியாவா ரேச்சல் வைஸ். அதுல மணல்ல ஒரு நீள்வட்டம் வரைவாங்க, பூமி சூரியனை இப்படித்தான் சுத்துதுன்னு பிடிபட்டதும் அந்த முகத்துல ஒரு வெளிச்சம் வரும் பாருங்க, பலகையில ரெண்டு ஆணி அடிச்சு நூலைக் கட்டி அதே நீள்வட்டத்தைப் பிள்ளைங்களுக்கு வரைஞ்சு காமிச்சவ நான், எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஆனா அப்படி ஒண்ணு நடந்ததா எந்த ஆதாரமும் இல்ல. கோள்கள் நீள்வட்டத்துல சுத்துதுன்னு சொன்னது கெப்ளர், 1609ல.

அவங்க நிஜமா செஞ்ச வேலை படத்துல எங்க போச்சுங்கறதுதான் என் வருத்தம். கூம்பை வெட்டினா வர்ற வளைவுகளைப் பத்தி அப்பல்லோனியஸ்ங்கற பழைய கிரேக்கக் கணக்கு அறிஞர் எழுதின நூலுக்கு உரை எழுதினாங்க, டயஃபாண்டஸோட எண்கணித நூலுக்கும் எழுதினாங்க. தாலமியோட வானியல் நூலுக்கு தியோன் எழுதின உரையில மூணாம் பாகத்துத் தலைப்பைப் பாத்தீங்கன்னா, இது என் மகள் ஹைப்பேஷியா திருத்தின பதிப்புன்னு அப்பாவே போட்டிருக்கார். அந்தக் காலத்துல எல்லாம் கையால பாத்து எழுதறதுதான், கிரேக்கத்துல எண்ணுக்கும் எழுத்தையேதான் போடுவாங்க, ஒரு எழுத்து மாறிட்டா ஒரு கோளோட இடமே தப்பாயிடும், அதை உக்காந்து சரி பண்ணணும்னா முழுக் கணக்கையும் திரும்பப் போட்டுப் பாக்கணும். புதுசா கண்டுபிடிச்சாதான் அறிஞர்னு படம் நினைக்குது. இருக்கிறதைக் கெடாம அடுத்தவங்க கையில சேக்கறவங்களும் அறிஞர்தாங்க, நான் அதை அழுத்தமாவே சொல்லுவேன்.

அப்புறம் சாவு. 415 மார்ச் மாசம். நகரத்து ஆளுநர் ஓரெஸ்டெஸுக்கும் பிஷப் சிரிலுக்கும் அதிகாரப் போட்டி, ரெண்டு பேரும் சமாதானம் ஆகாததுக்கு இந்தம்மாதான் காரணம்னு ஒரு வதந்தி. வண்டியில வீட்டுக்குப் போனவங்களை ஒரு கிறிஸ்தவக் கும்பல் இழுத்துட்டுப் போய் சர்ச்சுக்குள்ள வச்சு ஓட்டுச் சில்லால கொன்னுட்டாங்க, உடம்பையும் எரிச்சிட்டாங்க. இதை எழுதி வச்ச சாக்ரட்டீஸ்ங்கற வரலாற்று ஆசிரியரும் (தத்துவஞானி சாக்ரட்டீஸ் இல்ல, இவர் வேற) கிறிஸ்தவர்தான், சிரிலுக்கும் அலெக்சாண்ட்ரியா திருச்சபைக்கும் இது பெரிய அவமானம்னு அவரே எழுதியிருக்கார். படத்துல, அவங்க மேல காதல் வச்சிருந்த தாவுஸ்ங்கற பழைய அடிமை, வலி தெரியக்கூடாதுன்னு தானே அவங்க மூச்சை நிறுத்திடுவான். தாவுஸ் கற்பனைப் பாத்திரம். பாக்கறவங்க மனசு தாங்காதுன்னு செஞ்சிருக்கலாம், ஆனா அவங்களுக்கு அந்தக் கருணை கிடைக்கலயே.

என்னால ஏத்துக்கவே முடியாதது சினீசியஸ் விஷயம்தான். அவங்ககிட்ட படிச்ச கிறிஸ்தவ மாணவர், பின்னாடி பிஷப் ஆனவர். படத்துல கடைசியில வந்து, கிறிஸ்தவர் இல்லாத டீச்சரை மதம் மாறச் சொல்லி நெருக்குவார். நிஜத்துல அவரோட கடுதாசிகள் 413 வாக்குலயே நின்னுபோச்சு, டீச்சருக்கு முன்னாடியே அவர் இறந்திருப்பார்னுதான் நினைக்கறாங்க. ஹைப்பேஷியாவுக்கு அவர் எழுதினதுல ஏழு இன்னைக்கும் இருக்கு. ஒண்ணுல தண்ணியோட அடர்த்தி பாக்குற கருவி ஒண்ணு பித்தளையில செஞ்சு அனுப்புங்கன்னு கேக்கறார், புல்லாங்குழல் அளவுக்கு ஒரு குழாய், மேல வரிசையா கோடு, அடியில கனத்துக்கு ஒரு கூம்பு, தண்ணியில போட்டா நேரா நிக்கணும்னு விளக்கமா எழுதறார். இன்னொண்ணு படுக்கையில கிடந்தபடி சொல்லி எழுத வச்சது. அம்மா, அக்கா, டீச்சர்னு ஆரம்பிக்கறார். செத்துப்போன பிள்ளைங்க ஞாபகம் என்னை அரிச்சுத் தின்னுதுன்னு சொல்லிட்டு, உங்க கூட இருக்கற தோழர்கள் எல்லாரையும் விசாரிச்சதா சொல்லுங்கன்னு முடிக்கறார். டீச்சர் அவருக்கு எழுதினதுல ஒரு கடுதாசி கூட மிஞ்சல.