வெள்ளக்கோடும் விடைத்தாளும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் தாய் தகப்பன்மாரே, வணக்கம்.

"மாணவரின் கற்றலை அளக்க எழுத்துப் பரீட்சையே போதும்" என்று எதிரணித் தலைவர் சொல்லிவிட்டு அமர்ந்திருக்கிறார். போதாது என்பது எங்கள் அணி. நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் கணிதம் படிப்பிக்கிறவன்.

என் வகுப்பில், தரம் ஒன்பதில், ஒரு பிள்ளை. தவணைப் பரீட்சையில் வரைபுக் கேள்வியைத் தொடவே இல்லை. தாளைத் திருத்துகிற எவரும் 'இவளுக்கு வரைபு தெரியாது' என்றுதான் முடிவுகட்டுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மாரி வெள்ளம் வடிந்ததும் வகுப்புக்கு ஓர் ஒப்படை கொடுத்தேன். வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற கறையை நாடா பிடித்து அளக்க வேண்டும். 2011 தை மாத வெள்ளம் எதுவரை வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு அதையும் அளந்து, இரண்டையும் வரைபாக்க வேண்டும். அந்தப் பிள்ளை தாளோடு வந்து நின்றாள். "சேர், எங்கட வீட்டையும் அம்மம்மாட வீட்டையும் ஒரே வரைபில போட ஏலாது. அம்மம்மாட வளவு பள்ளம்."

இரண்டு அளவை ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டும் ஒரே மட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் தவணைத் தாளில் இதைக் கேட்கிற கேள்வியும் இல்லை.

எதிரணியினர் ஒரு நியாயம் சொன்னார்கள். அதை நான் தள்ளிவிடமாட்டேன். ஒப்படை என்றால் தகப்பன் செய்கிறார், செயற்றிட்டம் என்றால் கடையில் அச்சடித்து வருகிறது, ஆசிரியர் வேண்டிய பிள்ளைக்கு அள்ளிப் போடுகிறார், பரீட்சைத் தாளுக்கோ முகம் தெரியாது என்றார்கள். உண்மைதான். பிள்ளையின் கற்றலைப் பாடசாலையிலேயே ஆசிரியர் அளக்கிற பாடசாலை மட்டக் கணிப்பீடு என்று வந்த நல்ல ஏற்பாடு, தவணை முடிவில் அவசர அவசரமாகக் கட்டம் நிரப்புகிற வேலையாகிப் போனதை நானும் கண்டிருக்கிறேன். ஆனால் அதற்கு மருந்து, அந்த வேலையை வகுப்பிலேயே செய்விப்பதும், "இந்தக் கோடு ஏன் இங்கே வளைகிறது?" என்று நேரே கேட்பதும்தான். எதற்கு எத்தனை புள்ளி என்பதை முன்கூட்டியே பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும். தகப்பன் வரைந்த வரைபு அந்த ஒரு கேள்வியிலேயே வெளித்துவிடும்.

நாட்டின் பொதுப் பரீட்சையே இதை ஒத்துக்கொண்டிருக்கிறது. பதினோராம் தர முடிவில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையில் நடனத்துக்கும் சங்கீதத்துக்கும் செயன்முறைப் பரீட்சை உண்டு. ஆடத் தெரியுமா என்பதை ஆடச் சொல்லித்தான் பார்க்கிறார்கள். அளக்கத் தெரியுமா என்பதை மட்டும் ஏன் அளக்கச் சொல்லிப் பார்க்கக் கூடாது?

அப்புறம், நம் மண்ணில் இது புதிய சங்கதியா? வடமோடிக் கூத்தோ தென்மோடிக் கூத்தோ, அதைப் பழக்குகிற அண்ணாவியார் அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டு எழுதிய சட்டத்தைக் கொடுத்து, மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்குகிறார். தாளம் பிசகினால் அந்த இடத்திலேயே நிறுத்தி, தானே ஆடிக் காட்டி, திரும்ப ஆட வைக்கிறார். ஆட்டம் படிந்த பிறகுதான் சதங்கை அணிதல். அதற்கும் பிறகுதான் அரங்கேற்றம். பிழையைத் திருத்த நாள் இருக்கும்போதே அவர் பிழையைப் பார்க்கிறார். நாங்களோ அரங்கேற்றத்தை மட்டும் வைத்து, 35 எடுத்தவன் சித்தி, 34 எடுத்தவன் சித்தியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அந்த 34க்குள் என்ன தெரியும், என்ன தெரியாது என்று யார் அந்தப் பிள்ளையிடம் சொன்னார்கள்?

1988இல் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் இஸ்ரேலில் ஒரு சோதனை செய்து வெளியிட்டார். பிள்ளைகளில் சிலருக்குப் புள்ளி மட்டும், சிலருக்கு ஆசிரியரின் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும். அடுத்த வேலையில் முன்னேறியவர்கள் குறிப்பு மட்டும் பெற்றவர்கள். இரண்டும் பெற்றவர்களுக்குக் குறிப்பு உதவவில்லை. தாய் தகப்பன்மாரே, உங்களுக்கு இது விளங்கும். தாள் கையில் கிடைத்ததும் பிள்ளையின் கண் எங்கே போகிறது? மூலையிலிருக்கும் சிவப்பு இலக்கத்துக்குத்தானே?

எதிரணி நண்பர்களே, இதற்கெல்லாம் நேரமில்லை என்கிறீர்கள். சரி, பாடத்திட்டம் பெரிது, ஒத்துக்கொள்கிறேன். எல்லாப் பாடத்திலும் எல்லா வாரமும் வேண்டாம். ஒரு தவணைக்கு இப்படி ஓர் ஒப்படை போதும். பொதுப் பரீட்சையை எடுத்துவிடுங்கள் என்றும் எங்கள் அணி கேட்கவில்லை. அது ஒன்றே போதும் என்பதைத்தான் மறுக்கிறோம்.

அந்தப் பிள்ளையின் ஒப்படைத் தாளில் நான் புள்ளி போடவில்லை. 'அப்படியென்றால் இரண்டு வளவையும் எப்படி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவாய்?' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தேன். அடுத்த கிழமை வந்தாள். மேசன் வேலை செய்கிற மாமாவிடம் கேட்டு, அவர் தண்ணீர் விட்டு மட்டம் பார்க்கிற நீளக் குழாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். அந்தக் குழாயால் வேலி வேலியாக மட்டம் பிடித்து அம்மம்மா வளவுவரை போயிருக்கிறாள். பள்ளம் முப்பத்தேழு சென்ரிமீற்றர். வரைபைத் திருத்திக் கீறியிருந்தாள்.

நடுவர் அவர்களே, இவளுக்குக் கணிதம் தெரியுமா, தெரியாதா? அந்த வெறுந்தாளை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நன்றி, வணக்கம்.