ராத்திரி நரி ஊளையிட்டா பயப்படணுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

திருத்துறைப்பூண்டி பக்கத்துலேருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு: "சார், வயக்காட்டுல நரி நடமாட்டம் அதிகமா இருக்கு. வெறிநோய் பரவிடும்னு ஊரே பயப்படுது. வனத்துறையைக் கூப்பிட்டு புடிச்சிட்டுப் போகச் சொல்லலாமா?" ரொம்ப நாளா மனசைக் குடைஞ்ச கேள்வி இது.

தம்பி, மொதல்ல நம்ம வாசலைப் பாக்கணும். மனுசனுக்கு வர்ற வெறிநோய்ல, அதான் ரேபிஸ்ல, நூத்துக்கு 99 நாயாலதான். நரி கடிச்சாலும் வரும், அதுக்கும் ஊசி போட்டே ஆகணும். ஆனா நரிக்கு யாரு குடுத்தா?

வாய்க்கா கரையில கோழிக்கடைக் கழிவைக் கொட்டுறாங்கல்ல, விடியக்காலையில போய்ப் பாருங்க. ஈர மண்ணுல நாய்க் காலடி, அது மேலயே கொஞ்சம் ஒடுக்கமா நரிக் காலடி. ரெண்டும் ஒரே எடத்துல தின்னுட்டு, அங்கயே கடிச்சுக்குது, நாய்கிட்டேருந்து நரிக்குத் தொத்திக்குது. எத்தியோப்பியாவுல பாலே மலையில ஒரு வகை ஓநாய், உலகத்துலயே 500க்கும் கம்மி. 2003ல ஊர் நாய்ங்ககிட்டேருந்து ரேபிஸ் தொத்தி கொத்துக்கொத்தா செத்துச்சு. நம்ம கோடியக்கரையில வெளிமான் பாக்கப் போனா நரியையும் பாக்கலாம். அதுங்களுக்கும் அந்த கதி வரக்கூடாதுல்ல?

அதனால நான் சொல்றது இதுதான்: நூறு நாய்ல 70க்கு வருசா வருசம் ரேபிஸ் தடுப்பூசி. எழுவது! அடிச்சுக் கொன்னா தீராது, ஊசி போட்ட நாயும் சேர்ந்து போயிடும், காலி எடத்துக்கு ஊசி போடாத குட்டிங்க வந்துடும். கோவாவுல ஊசி போட்டுக்கிட்டே வந்தாங்க, 2018லேருந்து சில வருசம் ரேபிஸால ஒரு மனுசச் சாவும் இல்ல. கால்நடை மருந்தகத்துல முகாம் எப்பன்னு போய்க் கேளுங்க தம்பி, நரியை அப்புறம் பாத்துக்கலாம்.

நீங்க கேக்காத ஒண்ணு இருக்கு, அதைத்தான் நான் எதிர்பார்த்தேன். கடிச்சுட்டா? எங்க அத்தை ஒருத்தங்க பேரனோட கடிவாயில மஞ்சளும் சுண்ணாம்பும் கொழைச்சு அப்பிட்டு, "போதும்டா"ன்னு உக்காந்துட்டாங்க. இழுத்துட்டுப் போய் அடிபம்புல கழுவ வச்சோம். சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம், கையில கடிகாரம் பாத்துக் கழுவணும். அப்புறம் அரசு ஆஸ்பத்திரி. தொப்புளைச் சுத்தி 14 ஊசிங்கறதெல்லாம் பழங்கதை, இப்ப கையிலதான்: கடிச்ச அன்னிக்கே ஒண்ணு, அப்புறம் 3, 7, 28ஆம் நாள்னு தோலுக்குள்ள போடுற ஊசி. ரத்தம் வந்திருந்தா காயத்துலயே இம்யூனோகுளோபுலின்ங்கற இன்னொரு மருந்தும் போடணும், கேட்டு வாங்குங்க. கடிச்ச நாயைப் பத்து நாள் கவனிங்க, ஆனா அதுக்காக ஊசியைத் தள்ளிப் போடாதீங்க. அறிகுறி வந்துட்டா எந்த டாக்டராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.