வலிக்கிறது என்றால் அது மெஷினில்தான், நடுவரே

நடுவர் அவர்களே, வணக்கம். உடம்பை அதிகம் பிழிந்தெடுப்பது தண்ணீரில் துடுப்பு வலிப்பதா, அறைக்குள் ரோயிங் மெஷினில் இழுப்பதா? இதுதான் தலைப்பு. எதிரணித் தோழர் அலை என்றார், காற்று என்றார், மெஷினை "உட்கார்ந்த இடத்தில் சங்கிலி இழுக்கிற வேலை" என்று கிண்டலடித்துக் கைத்தட்டலும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். சரி, அந்தச் சங்கிலிக்கே வருகிறேன்.

ஒற்றை ஆள் பந்தயப் படகுக்குக் குறைந்தபட்ச எடை 14 கிலோ. அதில் முன்னும் பின்னும் உருளும் இருக்கையில் 80 கிலோ ஆள் ஒருவர் உட்கார்ந்து காலால் உதைக்கிறார் என்று வையுங்கள். பார்ப்பவருக்கு அவர்தான் முன்னும் பின்னும் உருளுவதாகத் தெரியும், ஆனால் பெரும்பாலும் அவருக்கு அடியில் அந்த இலேசான படகுதான் போய்ப்போய் வருகிறது, ஆளின் உடம்பு ஏறக்குறைய ஒரே சீராக நகர்ந்துகொண்டிருக்கிறது. மெஷினோ தரையைவிட்டு அசையாது. ஆகவே 80 கிலோவையும் அவரேதான் பின்னால் எறிய வேண்டும், நிறுத்த வேண்டும், திரும்பக் கொண்டுவர வேண்டும், மறுபடி நிறுத்த வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் இதே கதை. தண்ணீரில் நிமிடத்துக்கு 36 முறை வலிக்கிறவர் மெஷினில் 30, 32க்கு இறங்கிவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்புறம் மெஷினில் வேகத்தையும் வாட்டையும் காட்டும் அந்தச் சின்னத் திரை. 500 மீட்டரை 2 நிமிடத்தில் கடக்கச் சுமார் 203 வாட் வேண்டும். அதையே 1 நிமிடம் 45 விநாடியாக்க, அதாவது வெறும் 15 விநாடி குறைக்க, 302 வாட். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு! வேகம் இரட்டிப்பானால் தேவைப்படும் திறன் எட்டு மடங்கு, அந்தக் கணக்கு இரக்கமே இல்லாதது. தண்ணீரிலும் ஏறத்தாழ இதே விதிதான், ஆனால் அங்கே பின்காற்று கைகொடுக்கும், எட்டுப் பேர் படகில் ஒருவர் கொஞ்சம் அசந்தாலும் மற்ற ஏழு பேர் இழுத்துவிடுவார்கள். (எதிரணியில் யாரையும் சொல்லவில்லை.)

சமநிலையைப் பற்றி அவர் சொன்னதை மறுக்க மாட்டேன். இரண்டு கைப்பிடிகளும் ஒரே உயரத்தில் இல்லாவிட்டால் படகு ஒரு பக்கம் சாயும், துடுப்பலகை தண்ணீரில் கோணலாக மாட்டினால் கைப்பிடி திரும்பி வயிற்றிலேயே இடிக்கும், மணிக்கட்டும் இடுப்பும் ஓயாமல் வேலை செய்யும். மெஷினில் இது எதுவும் இல்லைதான். ஆனால் அது உழைப்பா, லாகவமா? நான் முதல் நாள் படகில் ஏறியபோது கவிழாமல் இருப்பதே பெரும்பாடு, முழு பலத்தையும் போட்டு இழுக்கத் துணிவே வரவில்லை. நனைந்து திரும்பினேன், களைத்துத் திரும்பவில்லை. மெஷினில் முதல் 2000 மீட்டர் முடித்த அன்று இருக்கையிலிருந்து எழப் பார்த்தேன், கால் கேட்கவில்லை, அப்படியே தரையில் சரிந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

மெஷின் முதுகைக் கெடுக்கும் என்றும் சொன்னார். களைத்த பிறகும் கூன் போட்டு நெடுநேரம் இழுத்தால் கெடுக்கத்தான் செய்யும். ஆனால் யோசித்துப் பாருங்கள், படகில் களைத்துப்போய்க் கண்டபடி வலித்தால் துடுப்பு சிக்கும், படகு ஆடும், தானாகவே வேகத்தைக் குறைத்துவிடுவீர்கள். மெஷின் அப்படித் தடுக்காது, இழுக்க இழுக்கக் கொடுத்துக்கொண்டே இருக்கும். தோழர் எங்களுக்கு எதிராகக் கொண்டுவந்த சாட்சி எங்கள் பக்கமே பேசுகிறது, நடுவரே!

துடுப்பு 'வலிக்கிறோம்' என்கிறோம், உடம்பு 'வலிக்கிறது' என்றும் சொல்கிறோம். இரண்டு வலியும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் இடம் அந்த உருளும் இருக்கை. படகுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பயிற்சியாளர்களே முதலில் 2000 மீட்டருக்கு உன் மெஷின் நேரம் என்ன என்றுதானே கேட்கிறார்கள்? தோழர் தன் நேரத்தை இந்த மேடையில் சொல்லட்டும், நான் உட்கார்ந்துகொள்கிறேன்.