'பேசுவதில்லை' என்ற ஒரு குறிப்பும், எண் பூட்டு ஒன்றும்

வணக்கம் நண்பர்களே. தேநீர் ஆறுவதற்குள் பேசி முடிப்பது என் வழக்கம். இன்று அது நடக்காது, ஏனெனில் கோபத்தில் இருக்கிறேன். நியூயார்க்கின் ஃப்ளஷிங் பகுதியிலுள்ள பிள்ளையார் கோயில் உணவகத்தில் நான் எடுத்த காணொளியில் தோசையைச் சுருட்டிக் கடித்த கீழ்வீட்டுப் பையனை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சீனாவின் ஃபூசோ நகரிலிருந்து வந்து ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த அவனுடைய மதிப்பெண் அட்டையில் 'வகுப்பில் பேசுவதில்லை' என்று எழுதி, பங்கேற்புக்கான மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறார்கள்.

ஆசிரியர் பேசும்போது வாய்மூடிக் கேட்பதே மரியாதை என்று எட்டு ஆண்டுகள் பழகியவன் அவன். அங்கே ஒரே அறை, அதே தோழர்கள். பாடத்துக்குப் பாடம் மாறி வருபவர் ஆசிரியர். இங்கே மணி அடித்ததும் ஓடுபவன் மாணவன், அறைக்கு அறை வேறு முகங்கள்.

அந்த ஓட்டத்துக்கு நடுவே அந்தப் பூட்டு வேறு! பள்ளியில் புத்தகம் வைக்கும் அலமாரிக்காக ஏழு டாலர் கொடுத்து வாங்கிய எண் பூட்டு அது. முதல் எண்ணுக்கு வலப்பக்கம் திருப்ப வேண்டும். அடுத்து இடப்பக்கம் முழுச் சுற்று சுற்றி, முதல் எண்ணைத் தாண்டி, இரண்டாம் எண்ணில் நிறுத்த வேண்டும். மூன்றாவதற்கு மீண்டும் வலப்பக்கம். ஒரு வாரம் அது திறக்காததால் எல்லாப் புத்தகங்களையும் முதுகிலேயே சுமந்தான். பொறுங்கள், தொடங்குமுன் சில முறை வலப்பக்கம் சுற்றிவிட வேண்டும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். அவனுக்கும் அதை யாரும் சொல்லவில்லை. என் சமையலறை மேசையில் இரண்டு மாலைகள் பழகினோம். இப்போது எட்டு வினாடியில் திறக்கிறான், நானே கடிகாரம் வைத்துப் பார்த்தேன்!

இன்னொன்றையும் விட்டுவிட்டேன்: அந்தக் குறிப்பை எழுதியவர் கணக்கு ஆசிரியர். அவரது தேர்வுகளில் இவன் நூற்றுக்கு நூறு.

சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் அறியாத ஏறத்தாழ 1,800 சீன மாணவர்கள் தனி மொழிப் பயிற்சியின்றி விடப்பட்டதை 1974இல் லாவ் எதிர் நிக்கோல்ஸ் வழக்கில் விசாரித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், எல்லோருக்கும் ஒரே புத்தகத்தையும் ஒரே ஆசிரியரையும் தந்துவிட்டால் மட்டும் அது சமமாக நடத்துவதாகாது என்றது. அதன் பயனாக இவனுக்கும் ஆங்கிலத்துக்குத் தனி வகுப்பு உண்டு. அங்கே தயங்கித் தயங்கிப் பேசவும் செய்கிறான்.

வியாழக்கிழமை பெற்றோர் சந்திப்பு. அவன் அம்மாவுடன் நானும் போகிறேன். நியூயார்க்கின் அரசுப் பள்ளிகளில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சென்ற முறை, மகன் வகுப்பில் பேசுவதில்லை என்ற புகாரை அவருக்குச் சீனத்தில் மொழிபெயர்த்துச் சொன்னவனே இவன்தான்.