பினாங்கு வெயில்ல இலையுதிர் கால பிஸ்கட், கூடவே குலா மலாக்கா பட்டர்

வணக்கம் மக்களே, பினாங்குலேர்ந்து பேசுறேன், மணி காலையில ஆறரைதான் ஆகுது, வெயில் ஏறிட்டா பட்டர் இளகிடும், இந்த பிஸ்கட்டுக்கு அது ஆகவே ஆகாது, அதான் இவ்ளோ சீக்கிரம்.

அமெரிக்காவுல பிஸ்கட்னா நாம டீயில முக்கி சாப்பிடுறது இல்ல, அத அவங்க குக்கீம்பாங்க, இது மெத்துன்னு ஏடு ஏடா பிரியுற குட்டி ரொட்டி. அங்க இலை உதிர்ற சீசன் வந்தா பட்டை, சுக்கு, கிராம்பு, ஜாதிக்காய் நாலும் கேக்குல காப்பியில எல்லாம் போடுவாங்க, நமக்கு அந்த சீசனே இல்ல, ஆனா சாமானெல்லாம் நம்ம அடுப்படியிலயே இருக்கு லா. ஜாதிக்காய் இங்க பினாங்குலயே இருக்க பாலிக் புலாவ்ல விளைஞ்சது, ஓட்ட ஒடச்சு இப்பதான் துருவுறேன், உள்ள கோடு கோடா ஓடுது பாருங்க, வாசனை அப்படியே தூக்குது! பொடியா மட்டும் வாங்காதீங்க.

மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டேபிள்ஸ்பூன், அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டு ஸ்பூன் சீனி, பட்டைப்பொடி ஒரு டீஸ்பூன், சுக்கு அரை, மத்ததெல்லாம் சிட்டிகைதான், கிராம்பு கூடிட்டா கசக்கும். பட்டர் 115 கிராம், ராத்திரியே ஃப்ரீசர்ல வச்சது, அத தேங்கா துருவுற மாதிரி துருவி மாவுல போடுங்க. போன மாசம் கையால பிசைஞ்சேன், பட்டர் உருகி மாவோட கலந்து தட்டையா போச்சு, மனசே விட்டுப்போச்சு. பட்டர் துண்டு துண்டா நின்னாதான் ஓவன்ல அதுல இருக்க தண்ணி ஆவியாகி ஏட்ட தூக்கும்.

180 மில்லி பால்ல எலுமிச்ச சாறு ஒரு ஸ்பூன் விட்டு திரிஞ்சதும் ஊத்தி, லேசா சேத்து, தட்டி, மூணு தடவ மடிச்சு, வட்டமா வெட்டுங்க, வெட்டும்போது திருகாதீங்க, ஓரம் ஒட்டிக்கும் உப்பாது. 220 டிகிரி, 15 நிமிஷம்.

அதுக்குள்ள இளகுன பட்டர் நூறு கிராம், சீவுன குலா மலாக்கா, அதான் நம்ம ஊரு தென்னை வெல்லம், ரெண்டு ஸ்பூன், கொஞ்சம் பட்டை, கல்லுப்பு ரெண்டு கல்லு, நல்லா அடிச்சுக்கங்க.

இதோ வந்துருச்சு, பிக்கிறேன், ஆவி பறக்குது பாருங்க, பட்டர் ஏட்டுக்குள்ள இறங்குது... ம்ம்ம். மிச்ச பட்டர ஃபிரிஜ்ல வச்சிருங்க, போன தடவ எங்கம்மா அத தோசையில தடவிதான் காலி பண்ணாங்க.