நாற்பதா, நூறா? இன்சுலின் ஊசிக்கு முன் பார்க்க வேண்டியவை

வணக்கம் நேயர்களே. நர்சிங் படிக்கும் மாணவ மாணவியரை மனத்தில் வைத்து இன்று ஒரே ஒரு மருந்தைப் பற்றிப் பேசுகிறேன்: இன்சுலின். சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என்ற ஐந்தையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். இன்சுலினில் வரும் வில்லங்கம் என்னவென்றால், கேஸ் ஷீட்டில் சரியாக இருக்கும் அளவு சிரிஞ்சுக்குள் வரும்போது தப்பாகிவிடும்.

நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். 10 மில்லி குப்பியில் 400 யூனிட். பேனா வடிவ ஊசிக் கருவிக்குள் போடும் கார்ட்ரிட்ஜில் இருப்பதோ மில்லிக்கு 100. சிரிஞ்சிலும் இரண்டு வகை. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. இரவு டியூட்டியின் மங்கிய விளக்கில் இரண்டு நிறமும் ஒன்றுபோலத்தான் தெரியும். மூடியை விடுங்கள், சிரிஞ்சின் மேல் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். அதே எண் குப்பியிலும் இருக்க வேண்டும்.

மாறிப்போனால்? 20 யூனிட் போட வேண்டும் என்று வையுங்கள். 40 குப்பியிலிருந்து 100 சிரிஞ்சில் 20-ஆம் கோடுவரை இழுத்தால் வருவது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட். சர்க்கரை இறங்காது, டாக்டர் அளவைக் கூட்டுவார், மறுநாள் வேறொருவர் சரியான சிரிஞ்சில் அந்தக் கூட்டிய அளவைப் போடுவார். ஆபத்து அன்றைக்குத்தான் வரும். தலைகீழாக, 100 மருந்தை 40 சிரிஞ்சில் அதே கோடுவரை இழுத்தால் 0.5 மில்லி, 50 யூனிட்! பேனா ஊசி தீர்ந்துவிட்டதென்று கார்ட்ரிட்ஜில் சிரிஞ்சைக் குத்தி எடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

சிரை வழியாக டிரிப்பில் ஏற்றும்போதும் இதே கணக்குதான். 50 மில்லி சலைனில் 50 யூனிட் ரெகுலர் (சீக்கிரம் வேலை செய்யும் இன்சுலின்) கலக்க, 40 குப்பியிலிருந்து 1.25 மில்லி எடுக்க வேண்டும். வெளிநாட்டுப் பாடநூல் 0.5 மில்லி என்று சொல்லும். அது 100 மருந்துக்கு. இங்கே அப்படி எடுத்தால் 20 யூனிட்தான் போகும்.

எழுதும்போது 'யூனிட்' என்று முழுதாக எழுதுங்கள். ஆங்கில 'யூ' எழுத்தை மட்டும் போட்டால் அவசரத்தில் அது பூஜ்யமாகிவிடும், 10 நூறாகிவிடும்.

ரெகுலர் தண்ணீர்போலத் தெளிவாக இருக்கும், மெதுவாக வேலை செய்யும் என்பிஹெச் இன்சுலின் கலங்கலாக இருக்கும். ஆனால் தெளிவாக இருப்பதெல்லாம் ரெகுலர் அல்ல. நாள் முழுக்க வேலை செய்யும் கிளார்ஜின் இன்சுலினும் தெளிவுதான், அதை எதனுடனும் கலக்கக் கூடாது, சிரை வழியாகவும் போடக் கூடாது.

ரெகுலரையும் என்பிஹெச்சையும் ஒரே சிரிஞ்சில் எடுக்கும்போது, என்பிஹெச் குப்பியைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டி, முதலில் அதற்குள் காற்றைச் செலுத்துங்கள். ஊசி மருந்தில் படக் கூடாது. அடுத்து ரெகுலருக்குள் காற்று, அதை இழுத்துக்கொண்டு, கடைசியில் என்பிஹெச். இந்த வரிசை ஏன்? என்பிஹெச்சில் இன்சுலினை மெதுவாக்கும் புரோட்டமைன் இருக்கிறது. அது ரெகுலர் குப்பிக்குள் புகுந்தால் அந்தக் குப்பியின் வேகமே கெட்டுவிடும்.

ரெகுலர் போட்டு அரை மணியில் சாப்பாடு வர வேண்டும். தட்டு வரும் நேரம் தெரியாமல் ஊசியைப் போடாதீர்கள். என்பிஹெச்சின் உச்சம் 4 மணி முதல் 10, 12 மணி வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். மாலை 7 மணிக்குப் போட்டால் இரவு 11 மணியிலிருந்து விடியும்வரை கவனம் வேண்டும். அமைதியாகத் தூங்குகிறவரின் நெற்றி வியர்த்திருந்தால் எழுப்பிச் சர்க்கரை பாருங்கள். புரோப்ரனலால் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவருக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். சர்க்கரை 70-க்குக் கீழே இருந்து, விழுங்க முடிந்தால், 15 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். டாக்டரை அழைத்துவிட்டு, சிரை வழியாகச் செலுத்த 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லியைக் கையில் எடுங்கள்.