சந்தேகங்களுக்கு விளக்கம்: மகளின்ர மைனஸ் பவர் வருசாவருசம் கூடுது, நிப்பாட்ட ஏலுமா?

வணக்கம். வந்த கேள்வியளில ஒண்டை மட்டும்தான் இண்டைக்கு எடுக்கிறன். இதே விசயத்தை வேற வேற விதமா ஏழெட்டுப் பேர் கேட்டிருக்கினம். வெள்ளவத்தையில இருந்து ஒரு அம்மா எழுதினதை வாசிக்கிறன். "டொக்டர், மகளுக்கு 8 வயசு. போன வருசம் ரெண்டு கண்ணுக்கும் மைனஸ் 1. இந்த வருசம் 1.75. எனக்கும் அவருக்கும் கண்ணாடி இருக்கு. கண்ணாடி போடுறதாலதான் கூடுது, எந்நேரமும் போட விடாதை எண்டு மாமி சொல்லுறா. கண்ணாடிக் கடையில பவரைக் கொஞ்சம் குறைச்சுப் போடுவம் எண்டவை. இதை நிப்பாட்ட ஏதும் சொட்டு மருந்து இருக்கா? சின்னவருக்கு 4 வயசு, அவருக்கு ஒரு பிரச்சினையும் இல்லை."

முதல்ல மாமியின்ர கதைக்கு வாறன். அவ கண்ணால கண்டதைத்தான் சொல்லுறா. கண்ணாடி போட்டது, அடுத்த வருசம் பவர் கூடினது, ரெண்டும் உண்மை. ஆனா பிள்ளையின்ர சப்பாத்து சைசும்தான் வருசாவருசம் கூடுது. சப்பாத்துப் போட்டதால கால் வளந்தது எண்டு ஆரும் சொல்லுறதில்லையே.

இதுவும் வளர்ச்சிதான். பிறந்த பிள்ளையின்ர கண், முன்னுக்கு இருந்து பின்னுக்கு, ஏறத்தாழ 17 மில்லிமீற்றர் நீளம். வளந்த ஆளுக்கு 23, 24. கிட்டப்பார்வை, அதுதான் இந்த மைனஸ் பவர், வாற பிள்ளையின்ர கண் அந்த அளவோட நிக்காமல் பின்பக்கமா நீண்டுகொண்டு போகுது. அப்ப விம்பம் விழித்திரையில விழாமல் அதுக்கு முன்னுக்கே விழுந்திடும், தூரத்தில இருக்கிறது மங்கும். ஒரு மில்லிமீற்றர் கூட நீண்டால் கிட்டத்தட்ட இரண்டரைப் பவர். நீண்ட கண் திரும்பச் சுருங்காது. கரட் சாப்பிட்டாலும் சரி, கண்ணை உருட்டி உருட்டி எக்சசைஸ் செய்தாலும் சரி. லேசர் எண்டு கேப்பீங்கள். அது வளந்த ஆக்களுக்கு, அதுவும் முன்பக்கக் கருவிழியைத்தான் திருத்தும், பின்னால கண் நீளமாத்தான் கிடக்கும்.

நீளம் ஏன் முக்கியம்? மைனஸ் 6ஐத் தாண்டினால் இழுபட்ட விழித்திரை மெல்லிசாகும். பிற்காலத்தில அது கிழியலாம், கழரலாம், நடுப்பார்வை பழுதாகலாம், கண் அழுத்த நோய்க்கும் சாத்தியம் கூட. எட்டு வயசுப் பிள்ளைக்கு ஒரு வருசத்தில 0.75 கூடினது கொஞ்சம் கெதிதான். கண் நீளுறது கனபேருக்கு 16 வயசு மட்டில அடங்கும். உங்கட மகளுக்கு இன்னும் எட்டு வருசம் கிடக்கு. நிப்பாட்டலாம் எண்டு ஆரும் உத்தரவாதம் தந்தால் நம்பாதேங்கோ. மெதுவாக்கலாம்.

குறைச்ச கண்ணாடி வேண்டாம். இதை மலேசியாவில பிள்ளையளிலயே சோதிச்சுப் பாத்திருக்கினம், 2002இல வந்த ஆய்வு. அரைகுறையாப் பவர் குடுத்த பிள்ளையளுக்குக் குறையேல்லை, முழுப் பவர் போட்ட பிள்ளையளை விடக் கூடத்தான் கூடினது. எனக்கு இதில தனிப்பட்ட கோவமும் இருக்கு. நான் மைனஸ் 7. சின்னனில எனக்கும் பவரைக் குறைச்சுத்தான் போட்டவை, ரெண்டு வருசம் கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின்ர கொப்பியைப் பாத்து எழுதினனான். ரீச்சர் நான் கள்ளமாப் பாத்து எழுதுறன் எண்டு நினைச்சா!

ஆனா அந்த 1.75 சரியான நம்பரோ எண்டு முதல்ல பாக்கவேணும். பிள்ளையளின்ர கண் தசை நல்ல பலம், சோதிக்கேக்க இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இல்லாத மைனசைக் காட்டும். அதால மருந்து விட்டுத் தசையைத் தளர்த்திப்போட்டுத்தான் அளக்கவேணும். விடேக்க கொஞ்சம் எரியும். அரை மணித்தியாலம், முக்கால் மணித்தியாலம் இருக்க வைப்பினம். கண்மணி பெரிசா விரிஞ்சு, கையில இருக்கிற பிஸ்கட் பக்கற்றில எழுத்துத் தெரியேல்லை எண்டு பிள்ளை சிணுங்கும். அடுத்த நாளும் கொஞ்சம் கூசும். அதால சோதினை இல்லாத கிழமையில கூட்டிக்கொண்டு போங்கோ. கண் நீளத்தை அளக்கிற மெசின் இருக்கிற இடமெண்டால் இன்னும் நல்லம். அந்த அளவை ஒரு கொப்பியில எழுதி வையுங்கோ, ஆறு மாசத்துக்கு ஒருக்கா.

இப்ப வெயில். இதைக் கொஞ்சம் இழுத்துத்தான் சொல்லப்போறன். சிட்னியிலயும் சிங்கப்பூரிலயும் ஆறு, ஏழு வயசுச் சீனப் பிள்ளையளை ஒப்பிட்டு 2008இல ஒரு ஆய்வு வந்தது. ஒரே இனம், பெற்றாருக்குக் கண்ணாடி இருக்கிற அளவும் கிட்டத்தட்ட ஒண்டு. சிங்கப்பூரில 100க்கு 29 பிள்ளையளுக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில 3. சிட்னிப் பிள்ளையள் கிழமைக்கு 13 மணித்தியாலத்துக்கு மேல வெளியில நிண்டிருக்கினம், சிங்கப்பூர்ப் பிள்ளையள் 3 மணித்தியாலம். சிங்கப்பூரில வெயிலுக்கு என்ன பஞ்சம்? எங்களைப் போலதான், வருசம் முழுக்க எரிக்குது. பிள்ளை உள்ளுக்கு இருந்தது.

காரணம் வெளிச்சம். வெளிச்சத்தை லக்ஸ் எண்ட அளவால அளக்கிறது. நல்ல லைற் போட்ட அறையில 300, 500 லக்ஸ். வெளியில மர நிழலிலயே ஆயிரக்கணக்கில. அந்த வெளிச்சம் விழித்திரையில டோபமின் எண்ட இரசாயனத்தைச் சுரக்க வைக்கும், அது கண் நீளுறதை அடக்கும் எண்டுதான் விளக்கம் சொல்லுறவை. அதால வெயிலில நிண்டு காயத் தேவையில்லை, நிழல் போதும், தொப்பியும் போடலாம். சீனாவில குவாங்சோ எண்ட நகரத்தில பள்ளிக்கூடத்தில ஒவ்வொரு நாளும் 40 நிமிசம் கூட வெளியில விட்டவை. மூண்டு வருசத்தில புதுசாக் கிட்டப்பார்வை வந்தது 100க்கு 30 பேருக்கு. அப்பிடி விடாத பள்ளிக்கூடங்களில 39, 40.

எங்கட பிள்ளையளின்ர நாளைப் பாருங்கோ. விடிய ஆறரைக்கு வான், ரெண்டு மணிக்கு வீடு, மூண்டுக்கு ரியூசன், அது முடிய இருட்டு. பிறகு ஃப்ளட்டில நாலாம் மாடி. காலிமுகத்திடல் சனிக்கிழமை பின்னேரம் மட்டும், அதுவும் சூரியன் விழுந்தாப்பிறகு பட்டம் விட! கூசாமல் சொல்லுறன், மூண்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புலமைப்பரிசில் ரியூசன் தேவையில்லை. ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம் வெளிச்சத்தில நிக்கவேணும், துண்டு துண்டாச் சேத்தாலும் பரவாயில்லை. ரியூசனுக்குக் கடற்கரைப் பக்கமா நடந்து போனால் அதுவும் கணக்குத்தான்.

வாசிக்கிற தூரத்துக்கு ஒரு அளவு காட்டுறன், இஞ்ச பாருங்கோ. பிள்ளை முழங்கையை மேசையில ஊண்டி, முட்டியை நாடிக்குக் கீழ வைக்கவேணும். கண்ணுக்கும் கொப்பிக்கும் இடையில அவ்வளவு தூரம் இருந்தால் காணும். படுத்துக்கொண்டு போன் பாக்கேக்க அது பாதியாகிடும். இருபது நிமிசத்துக்கு ஒருக்கா யன்னலால தூரத்தைப் பாக்கச் சொல்லுங்கோ.

சொட்டு மருந்து கேட்டீங்கள். இருக்கு, பேர் அட்ரோபின். பழைய மருந்துதான். 1 வீதம் நல்லா வேலை செய்யும் எண்டு சிங்கப்பூரில 2006இலயே காட்டினவை, ஆனா பிள்ளைக்கு வெளிச்சம் கூசும், கிட்ட வாசிக்கவும் ஏலாது, நிப்பாட்டினால் பவர் பாஞ்சு கூடும். இப்ப குடுக்கிறது நல்லா ஐதாக்கினது. ஹொங்கொங்கில 0.05, 0.025, 0.01 வீதம் எண்டு மூண்டையும் ஒப்பிட்டு 2019இல எழுதினவை. முதல் வருசத்தில 0.05 வீத மருந்து, பவர் கூடுறதை மூண்டில ரெண்டு பங்கு குறைச்சது, 0.01 கால் பங்கு மட்டில. அமெரிக்காவில 0.01 ஒரு பலனும் தரேல்லை எண்டும் ஆய்வு வந்திருக்கு. அதால எத்தினை வீதம் எண்டு கேட்டுத்தான் வாங்கவேணும். இரவில படுக்கேக்க கண்ணுக்கு ஒரு சொட்டு, வருசக் கணக்கில, நிப்பாட்டுறதும் டொக்டரைக் கேட்டுத்தான். கண் சோதிக்கேக்க விடுற 1 வீத மருந்தை வீட்டில தண்ணி கலந்து விட்டம் எண்டு ஒருத்தர் எழுதியிருந்தார். தயவுசெய்து அந்த வேலை மட்டும் செய்யாதேங்கோ.

மருந்துக்கு விருப்பமில்லாட்டி கண்ணாடியிலயே வழி இருக்கு. நடுவில சாதாரண பவர், சுத்தவர நூற்றுக்கணக்கில குட்டி லென்ஸ்கள், தேன்கூடு மாதிரி. ஹொங்கொங்கில ரெண்டு வருச ஆய்வில பவர் கூடினது பாதியளவாக் குறைஞ்சது. ஆனா முழு நாளும் போட்டிருக்கவேணும், மாமி ஒளிச்சு வைச்சால் காசு தண்ணிக்குள்ளதான். விலை கூட, மறைக்கேல்லை. இரவில போட்டுக்கொண்டு படுக்கிற கொன்ராக்ட் லென்சும் இருக்கு, குழாய்த் தண்ணியில கழுவினால் கருவிழியில கிருமி தொத்தும், எட்டு வயசுக்கு நான் அவசரப்படமாட்டன். பவர் கூடுறதை மெதுவாக்க எண்டு கண்ணுக்குள்ள சிவப்பு வெளிச்சம் அடிக்கிற மெசினும் இருக்கு, அதுக்கு என்ர பிள்ளையை இருத்தமாட்டன், விழித்திரை பழுதானது பதிவாகியிருக்கு.

அப்ப அம்மா, உங்களுக்கு: முழுப் பவர், முழு நாள். மருந்து விட்டுத் திரும்ப அளவு. உண்மையாவே அந்த வேகம்தான் எண்டால் 0.05 வீத அட்ரோபினோ தேன்கூட்டுக் கண்ணாடியோ, உங்கட டொக்டரோட இருந்து கதையுங்கோ.

இன்னொண்டு, நீங்கள் கேக்கேல்லை. வெளிச்சத்தின்ர பலன் கூட, கிட்டப்பார்வை இன்னும் வராத பிள்ளைக்குத்தான். வந்த பிறகு குறைவு. தாய் தகப்பன் ரெண்டு பேருக்கும் கண்ணாடி எண்டால் சின்னவருக்கும் வரச் சாத்தியம் கூட. அதால அக்கா பின்னேரம் கீழ இறங்கேக்க அவரையும் கையில பிடிச்சுக்கொண்டு போகச் சொல்லுங்கோ.